மண் சுத்தமாகிவிட்டது

சுவர் மேல் பதித்திருந்த கண்ணாடிச் சில்லு உள்ளங்கையைக் கிழித்தது. தில்லைநாயகி அதைப் பார்க்கக்கூட இல்லை. புடவையைத் தூக்கி இடுப்பில் செருகி, ஜம்புலிங்கம் வீட்டுப் பின்கட்டில் தொப்பென்று குதித்தாள்.

மணி பதினொன்று பத்து. நாலு மணிக்கு விசாரணை. அதற்குள் அந்த மனுஷனின் திருட்டுத்தனத்தைக் கையும் களவுமாகப் பிடித்தாக வேண்டும். இல்லாவிட்டால் அவள் தங்கை அமுதவல்லி நாளைக் காலையைப் பார்க்க மாட்டாள்.

சமையலறைக் கதவை உதைத்தாள். அது தாழிடப்படவே இல்லை. சுவரில் மோதித் திரும்பி வந்து அவள் தோளை இடித்தது.

"வாசக்கதவு பப்பரப்பேன்னு தொறந்துதான கீது? இன்னாத்துக்கு உப்பு மேடம் செவுரேறிக் குதிக்கிற?"

ஜம்புலிங்கம் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து நெத்திலிக் கருவாடு வறுத்துக்கொண்டிருந்தார். ஐம்பத்தெட்டு வயது. லாரி டிரைவர். பக்கத்தில் நேற்றைய பரோட்டா ஆறு, கிருஷ்ணகிரி ஹோட்டல் பொட்டலத்தோடு.

"கையை நீட்டுங்க ஜம்புண்ணே."

"துன்ற கையா, காப்பு கட்டின கையா?"

"காப்புக் கை."

2047-ல் பூவரசந்தாங்கலில் பதினைந்து வயது தாண்டிய அத்தனை பேர் இடது மணிக்கட்டிலும் நலக்காப்பு இருந்தது. பத்து நிமிடத்துக்கொரு முறை ரத்த அழுத்தத்தையும் ரத்தத்தில் ஓடும் கொழுப்பையும் அளந்து நல வாரியத்துக்குச் சொல்லிவிடும். மூன்று மாதம் தொடர்ந்து சிவப்பு எரிந்தால் பெயர் 'தன்வினைப் பிரிவு'க்குப் போய்விடும். வாயைக் கட்டத் தெரியாமல் நோயைத் தாங்களே வாங்கிக்கொண்டவர்கள் என்று அர்த்தம். மற்ற எல்லாருக்கும் வைத்தியம் பார்த்து முடித்த பிறகுதான் அவர்களுக்கு ஆஸ்பத்திரியில் கட்டில்.

அப்படிச் சிவப்பு எரிந்த வீடுகளில் நுழைந்து, அங்கே என்ன தின்கிறார்கள் என்று துழாவி எழுதுவதுதான் தில்லைநாயகியின் வேலை. அடுப்படி ஆய்வாளர். பதினோரு வருஷ சர்வீஸ். டப்பாவின் மேல்பக்கம் அவள் பார்க்கவே மாட்டாள். கையை நேரே அடிக்கு விடுவாள். அரிசிக்கு அடியில் ஊறுகாய் ஜாடி, துவரம்பருப்புக்கு அடியில் அப்பளக் கட்டு. 'உப்பு மேடம்' என்ற பேர் சும்மா வரவில்லை.

அந்த உப்பு மேடத்தின் தங்கை ஐந்து நாளைக்கு முன்னால் துணி பிழியும்போது சுருண்டு விழுந்தாள். பிரஷர் இருநூற்று முப்பது. மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் ஒன்று பலூன் மாதிரி வீங்கியிருந்தது. இன்று ராத்திரிக்குள் ஆபரேஷன் செய்யாவிட்டால் வெடித்துவிடும் என்றார் டாக்டர். சொல்லிவிட்டுத் திரையைப் பார்த்தார். அமுதவல்லி, வயது முப்பத்தாறு, தன்வினைப் பிரிவு, வரிசை எண் நானூற்றுப் பன்னிரண்டு.

மேல்முறையீட்டுக்கு ஒரே வழி, காப்பு பொய் சொல்கிறது என்று காட்டுவது. ஊரிலேயே ஒரு காப்பு பொய் சொல்கிறது என்றால் அது ஜம்புவுடையதுதான். பரோட்டாவும் கருவாடுமாகத் தின்கிற மனுஷனுக்கு ஒன்பது வருஷமாகப் பச்சை! காப்பைக் கழற்றி யார் கையில் கட்டிவிட்டு வருகிறார்?

ஆய்வாளர் சாவியைப் போட்டுக் காப்பைக் கழற்றிப் பார்த்தாள். முத்திரை உடையவில்லை. பையிலிருந்து பழைய ரப்பர் பல்பு மெஷினை எடுத்து அவர் புஜத்தில் சுற்றிக் காற்றடித்தாள்.

நூற்றுப் பதினெட்டு. எழுபத்தாறு.

மறுபடி அடித்தாள். மறுபடியும்.

"இன்னாமா, கை மரத்துப் போவுது. பஞ்சரா ஒட்டற?"

தில்லைநாயகி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். காப்பு உண்மையைத்தான் சொல்கிறது. அப்படியானால் அமுதாவுடையதும் உண்மை. முடிந்தது.

"எப்படிண்ணே?" என்றாள். "என் தங்கச்சி உப்பை நிறுத்தி எட்டு வருஷமாச்சு. எண்ணெய் கிடையாது. அக்கா வேலைக்கு அவமானம் வந்துடக் கூடாதுன்னு வாரியம் விதை குடுத்த நலக்கீரை வேளைக்கு ஒரு கட்டு, மூணு வேளையும். அவ சாகக் கிடக்கறா. நீங்க கல்லுக்குண்டாட்டம் இருக்கீங்க!"

"அத்தத் துன்னா எப்டி நல்லாருப்பா?"

"எதை?"

"கம்பெனிக் கீரைய." ஜம்பு கருவாட்டைப் புரட்டினார். "நீதான மொத வருஷம் வெத குடுத்த? போட்டேன். ஓதக் காலோட திமுதிமுன்னு வந்துச்சி. ஆட்டுக்குப் போட்டேன். ஆடு மோந்து பாத்துட்டுத் திரும்பிக்கிச்சி. பட்டினி போட்டுப் பாத்தேன், அப்பவும் தொடல. ஆடு துன்னாதத நான் இன்னாத்துக்குத் துன்றது? பறிச்சி செவுத்துக்கு அந்தாண்ட எறிஞ்சிருவேன். நீ எடை போட வர்ற அன்னிக்கு மட்டும் பக்கத்து வூட்ல ஒரு கட்டு கடன் வாங்கி வச்சிருப்பேன்."

ஓதக் கால். ஊதா நிறத் தண்டு. தில்லைநாயகிக்கு நன்றாகத் தெரியும். மாதம் பிறந்தால் வீடு வீடாகப் போய்த் தோட்டத்து நலக்கீரையை எடை போட்டு, 'இந்த வீட்டில் இத்தனை கிலோ உண்ணப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவாள். நிறையத் தின்றவர்களுக்கு வாரியம் பாராட்டுப் பத்திரம் கொடுக்கும். அமுதா வீட்டுச் சுவரில் ஏழு பத்திரம் தொங்குகின்றன.

பாராட்டுப் பத்திரம் வாங்கிய வீடுகளை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தாள். கோமதி, பக்கவாதம். சின்னத்தாயி, இரண்டு சிறுநீரகமும் போச்சு. ஏகாம்பரம், தூக்கத்திலேயே. எல்லாரும் ஒழுங்கானவர்கள். எல்லாரும் சிவப்பு.

"எம் பொஞ்சாதி பொற்கொடியும் உன் பேச்சதான் கேட்டா," என்றார் ஜம்பு. அடுப்பை அணைத்துவிட்டார். "செத்தப்போ அவ அம்மா பக்கத்துல பொதைக்கணும்னு குழி வெட்டிட்டேன். நம்ம பக்கம் பொதைக்கறதுதான வழக்கம்? போலீஸ் வந்து குழிமேட்டுலேர்ந்து தூக்கினு போச்சி. ஊர்ல எடமில்லயாம், கம்பெனி கட்டிக் குடுத்த கரண்ட் சுடுகாட்டுலதான் எரிக்கணுமாம். எடமில்லயா? சுத்தி முந்நூறு ஏக்கர் பொட்டலு! செத்தவள எங்க வச்சா அவனுக்கு இன்னா போச்சி?"

தில்லைநாயகி எழுந்து வெளியே போனாள். பக்கத்து வீட்டுத் தோட்டத்தில் கையை விட்டு ஒரு பிடி கீரையை வேரோடு பிடுங்கினாள்.

"வண்டில ஏறுங்கண்ணே. ரத்தம் குடுக்கணும்."

"பரோட்டாவ இன்னா பண்றது?"

"எடுத்துக்குங்க!"

*

ஆஸ்பத்திரி ரத்தப் பரிசோதனைக் கூடத்து டெக்னீஷியன் சாதிக் மூன்று குப்பிகளையும் வாங்கிக்கொண்டான். ஒன்றில் ஜம்புவின் ரத்தம். இன்னொன்றில் அமுதாவின் ரத்தம். மூன்றாவதில் கீரையை அரைத்த சாறு.

"ஆடு தொடாத கீரையா? முதல்ல உலோகம் இருக்கான்னுதான் பாக்கணும். அதுல ஒரு சிக்கல் இருக்கே அக்கா." அமுதாவின் காப்பு நம்பரைத் தட்டிக் காட்டினான். மெஷின் திரையில் பதில் வந்தது: *பின்கோடு பூவரசந்தாங்கல். உலோகச் சோதனை தேவையில்லை. மண் சுத்தம்.* "இந்த ஊர்க்காரங்கன்னா மெஷின் பாக்கவே மாட்டேங்குது. ஆறு வருஷமா இப்படித்தான்."

"அப்ப என்ன பண்றது?"

"குடி மாத்திட வேண்டியதுதான்." விரல்கள் விளையாடின. "அமுதாக்கா இப்ப ஏலகிரில இருக்காங்க. ஜம்பு மாமா ஏற்காடு. கீரைக்கு ஊட்டி போட்டுக்கலாமா? பாவம், அதுவும் வெளியூர் பாக்கட்டும்."

மெஷின் இருபது நிமிடம் முனகியது. முதலில் ஜம்பு. ஈயம், இரண்டு. சாதாரணம்.

அடுத்தது அமுதா. ஈயம், நாற்பத்தொன்று. காட்மியம் அளவைத் திரை சிவப்பில் அடிக்கோடிட்டது.

கீரையை வைத்ததும் மெஷின் வீல் என்று அலறி நின்றுவிட்டது. அளவு அதன் எல்லையைத் தாண்டியிருந்தது.

சாதிக்கின் முகத்தில் இருந்த விளையாட்டுத்தனம் போய்விட்டது. "நம்ம ஊர்க் கம்பெனில பேட்டரியை உடைச்சு உருக்கறாங்களே, அதுல வர்ற சரக்கு அக்கா இது. இது கீரையே இல்ல. உறிஞ்சு குழல்."

"புரியற மாதிரி சொல்லுப்பா."

"ஈயம் உள்ள போனா ரத்தக்குழாய் இறுகிடும். காட்மியம் சிறுநீரகத்துல குந்திக்கும், முப்பது வருஷம் ஆனாலும் கிளம்பாது. ரெண்டும் சேர்ந்தா பிரஷர் ஏறாம என்ன செய்யும்? கல்லீரலும் குழம்பிடும். கொழுப்பை எரிக்கறதை விட்டுட்டு மூட்டை கட்டி அடுக்க ஆரம்பிச்சுடும். அவங்க பட்டினி கிடந்தாலும் கொழுப்பு ஏறும். காப்புல சிவப்பு எரியும். நீங்க வந்து..." நிறுத்திக்கொண்டான்.

"நான் வந்து இன்னும் ரெண்டு கட்டுக் கீரை சாப்பிடுன்னு எழுதிட்டுப் போவேன்."

 பதினோரு வருஷமாக எத்தனை அடுப்படிகளில் எத்தனை பெண்களைத் திட்டியிருப்பாள்! 'உனக்கு நாக்கு ஏழு முழம்' என்று சின்னத்தாயியை மருமகள் எதிரிலேயே கேட்டாள். சின்னத்தாயி வாயைத் திறக்காமல் தலையைக் குனிந்துகொண்டு கீரை ஆய்ந்தாள்.

சாதிக் தன் டிபன் பாக்ஸைத் திறந்தான். கேன்டீன் கூட்டு. ஊதாத் தண்டு. குப்பைத் தொட்டியில் கவிழ்த்தான்.

"மாமா," என்றான் ஜம்புவைப் பார்த்து, "அந்தப் பரோட்டால ஒண்ணு குடுங்க."

*

நாலு மணி. வாரியத்தின் விசாரணை அறை. சுவரில் சிவப்பு விளக்கு எரிந்தது. மேல்முறையீடுகள் சட்டப்படி நேரலை. மாவட்டத்தில் யார் வேண்டுமானாலும் தன் காப்பைத் தட்டிக் கேட்கலாம். யாரும் அதிகம் கேட்பதில்லை. விளக்குக்குக் கீழே கேட்பவர்களின் எண்ணிக்கை தெரிந்தது: 17.

மேல்முறையீட்டு அதிகாரி தனசேகர் அறிக்கையைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஏலகிரி அமுதவல்லி, ஏற்காடு ஜம்புலிங்கம், ஊட்டிக் கீரை. என்னம்மா இது, சுற்றுலாவா?"

"மனுஷங்க இந்த ஊர்தான் சார். மெஷின் இந்த ஊரைப் பாக்க மாட்டேன்னுச்சு."

"பார்க்க அவசியம் இல்லை. பூவரசந்தாங்கல் மண்ணில் உலோகமே கிடையாது." மேஜைக்கு அடியிலிருந்து ஒரு தடிமனான கோப்பைத் தூக்கி அவள் முன் போட்டார். "படிங்க. பத்து வருஷத்துக்கு முன்னால கோர்ட் அந்தப் பேட்டரி ஆலைக்கு உத்தரவு போட்டது. ஊர் மண்ணிலும் ஏரியிலும் இருக்கிற அத்தனை உலோகத்தையும் எடு, இல்லைன்னா மூடு. எடுத்துட்டாங்க. முதல் பக்கத்திலேயே இருக்கு. வருஷா வருஷம் குறைஞ்சு, இப்போ பூஜ்யம். பசுமை விருது வாங்கின ஆலை அது."

தில்லைநாயகி முதல் பக்கத்தைப் பார்த்தாள். வரைபடத்தில் கோடு உயரத்தில் தொடங்கி, படி இறங்குகிற மாதிரி ஒன்பது வருஷம் இறங்கித் தரையைத் தொட்டிருந்தது.

"மண்ணைத் தோண்டி எடுத்தாங்களா சார்?"

"இல்லை. ஏதோ நவீன முறை."

"ஒரு பொக்லைன் கூட வரலயே," என்றார் ஜம்பு வாசல் பக்கத்திலிருந்து. "லாரி லோடு போச்சின்னா எனக்குத் தெரியாதா? எட்த்த சரக்கு எங்க போச்சி?"

"சாட்சியைக் கூப்பிட்டால்தான் பேசணும்!"

எங்கே போச்சு? தில்லைநாயகியின் கை தானாக வேலை செய்தது. பதினோரு வருஷப் பழக்கம். கோப்பின் மேல்பக்கத்தை விட்டுவிட்டு, அடியில் கையை விட்டுக் கடைசிக் கட்டுத் தாள்களை உருவினாள்.

இணைப்பு ஒன்பது. பிரித்தெடுத்த உலோகத்தின் இருப்பிடம்.

வீட்டு எண். பெயர். அளவு. அதற்குப் பக்கத்தில், 'சேமிப்பிடம்.' அந்தக் கட்டத்தில் வரிசையாக ஒரே வாசகம்: எலும்பு, சிறுநீரகம், கல்லீரல். எலும்பு, சிறுநீரகம், கல்லீரல். முந்நூற்று எழுபது வீடுகள்.

"அய்யோ," என்றாள் மெதுவாக.

தனசேகர் எட்டிப் பார்த்தார்.  சட்டென்று ஒரு பொத்தானை அழுத்தினார். சிவப்பு விளக்கு மஞ்சளானது. பத்து நிமிட இடைவேளை. வெளியே எதுவும் கேட்காது.

"அதைக் கொடுங்கம்மா."

"தெரியுமா சார் உங்களுக்கு?"

"எனக்குத் தெரிஞ்சு என்ன ஆகப்போகுது? மண்ணைத் தோண்டினா ஆலையை ரெண்டு வருஷம் நிறுத்தணும். நாலாயிரம் பேருக்கு வேலை போகும். கீரை போட்டா யாருக்கும் எந்தத் தொந்தரவும் இல்லை."

"தொந்தரவில்லையா!"

"கத்தாதீங்க. உங்க தங்கச்சி பிழைக்கணும், அவ்வளவுதானே? இப்பவே ஒப்புதல் போடறேன். தாளைக் கொடுத்துட்டு வீட்டுக்குப் போங்க." அவள் தாளை விடாமல் பிடித்திருப்பதைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "வெளியில படிக்கலாம்னு நினைப்பா? கடைசிக் கட்டத்தைப் பார்த்துட்டு முடிவு பண்ணுங்க. இதைப் படிச்சா ஆலை முதலாளிக்கு முன்னால உள்ளே போறது யாருன்னு தெரியும்."

தில்லைநாயகி கடைசிக் கட்டத்தைப் பார்த்தாள். ஒரு பக்கம் திருப்பினாள். அடுத்த பக்கம். அதற்கடுத்தது. 

நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தாள்.

"சரி சார்," என்றாள். "முதல்ல ஒப்புதலைப் போடுங்க."

"ஏய், உப்பு மேடம்!" ஜம்பு உறுமினார். "அவ்ளோதானா நீ? உன் தங்கச்சி மட்டும்தான் மனுஷியா? எம் பொற்கொடி இன்னா நாயா?"

அவள் திரும்பவில்லை. தனசேகர் கட்டைவிரலை வைத்தார். வரிசை எண் நானூற்றுப் பன்னிரண்டு மறைந்து ஒன்று என்று ஆனது.

ஆறு நிமிடம். ஜம்பு வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே இருந்தார். தில்லைநாயகி போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏழு. எட்டு. ஒன்பதாவது நிமிடம் போன் அதிர்ந்தது.

"தியேட்டருக்குள்ள கொண்டு போயிட்டாங்க அக்கா!" சாதிக். "மயக்க ஊசி போட்டாச்சு."

மயக்கம் கொடுத்த நோயாளியை மேஜையிலிருந்து இறக்க எந்த வாரியத்துக்கும் அதிகாரம் கிடையாது. அந்த விதி பதினோரு வருஷ அனுபவக்காரிக்கு மனப்பாடம்.

"தாள்," என்று கையை நீட்டினார் தனசேகர்.

தில்லைநாயகி எழுந்து, மேஜைக்கு எட்டாத தூரத்தில், ஜம்புவுக்குப் பக்கத்தில் போய் நின்றாள். இடைவேளை முடிந்தது. விளக்கு சிவப்பானது.

"இணைப்பு ஒன்பது," என்று உரக்கப் படிக்க ஆரம்பித்தாள். "பூவரசந்தாங்கல் மண்ணில் இருந்த ஈயமும் காட்மியமும் நலக்கீரை மூலம் உறிஞ்சப்பட்டு, கீழ்க்கண்ட நபர்களின் உடலில் சேமிக்கப்பட்டுள்ளன. வீடு ஒன்று. கோமதி. எலும்பு, சிறுநீரகம், கல்லீரல்..."

"நிறுத்துங்க! யாராவது அந்த அம்மாவை..."

வாசலை மறித்து ஜம்புலிங்கம் நின்றார். பரோட்டா தின்று வளர்ந்த உடம்பு. காவலாளி அதை ஒரு தரம் பார்த்தான். தன் மணிக்கட்டையும் பார்த்தான். சிவப்பு. அவன் நகரவில்லை.

விளக்குக்குக் கீழே 17 என்பது 90 ஆனது. 400. 2,100.

"வீடு எழுபத்தி மூணு. பொற்கொடி, க/பெ ஜம்புலிங்கம்." அவள் ஜம்புவைப் பார்க்காமல் மேலே படித்தாள். "சேமிப்பிடத்திலிருந்து இறுதி வெளியேற்றம்: மின்மயானம், புகைக்கூண்டு வடிகட்டி. நிறைவு. குறிப்பு: உடல்களைப் புதைத்தால் உலோகம் மறுபடி மண்ணில் சேர்ந்து அளவு ஏறிவிடும். ஆகவே இவ்வூரில் புதைப்பதைத் தடை செய்ய வேண்டும்."

ஜம்புலிங்கம் சுவரைப் பிடித்துக்கொண்டார். "அதுக்காடா," என்றார். "அதுக்காடா குழிலேர்ந்து தூக்கினு போனீங்க?"

9,000. வெளியே தெருவில் எங்கோ ஒரு கூச்சல் கிளம்பியது. அது அடுத்த தெருவுக்குத் தாவியது.

"போதும்மா," தனசேகர் கெஞ்சினார். "கடைசிக் கட்டம் வேண்டாம். உங்க நன்மைக்குத்தான் சொல்றேன். ஊரே உங்களைக் கிழிச்சுப் போட்டுடும்."

தில்லைநாயகி தாளை முகத்துக்கு நேராகப் பிடித்தாள். முந்நூற்று எழுபது வீடு, ஒன்பது வருஷம், மாதம் ஒரு முறை. ஒவ்வொரு வரியின் முடிவிலும் அதே சாய்ந்த எழுத்து, அதே பச்சை மை.

"கடைசிக் கட்டம்," என்று படித்தாள். "மண்ணிலிருந்து உடலுக்கு உலோகத்தைக் கொண்டு சேர்த்த களப்பணியாளர். பெயர், கையொப்பம்."

ஜம்பு தலையை நிமிர்த்தி அவளைப் பார்த்தார்.

"தில்லைநாயகி. அடுப்படி ஆய்வாளர்," என்றாள் அவள். "நான்தான்."